கடினம் மட்டும் போதுமா?

“எந்த உலோகம் அதிகக் கடினமோ, அதுவே அதிக நாள் உழைக்கும்.” பொறியியல் படிக்கும் நம்மில் பலரும் இப்படித்தான் நம்புகிறோம். தொழிற்பயிற்சிக்காக ஒரு செம்பனை ஆலைக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

செம்பனைப் பழத்தைப் பிழியும் இயந்திரத்தின் உயிர்நாடி அதன் திருகு. பழத்தோடு வரும் மணலும் கொட்டை ஓடும் நாரும் திருகின் விளிம்பை ஓயாமல் தேய்க்கின்றன. தேய்ந்த விளிம்பின்மேல் குரோமியமும் கரிமமும் மிகுந்த கலவையைப் பற்றவைத்து மீண்டும் பயன்படுத்துவார்கள். அந்த ஆலையில், “இருப்பதிலேயே கடினமான கம்பி” என்று கேட்டு வாங்கிப் பற்றவைத்தார்கள். சில வாரங்களில் பூச்சு தேயவில்லை. துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. ஆலை நின்றது. ஆனால் பழம் காத்திருக்காது. தாமதிக்கத் தாமதிக்கக் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் குறையும்.

ஏன் பெயர்ந்தது? பெயர்ந்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை கிடைத்தது.

மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1,000 முதல் 1,100 வரை. கடினமாக்கிய சாதாரண எஃகு 800ஐ ஒட்டியே நின்றுவிடும். ஆகவே மணல் எஃகைக் கீறும். ஏறத்தாழ 1,500 கடினமுள்ள குரோமியக் கார்பைடு துகள்களே மணலை எதிர்த்து நிற்கின்றன. ஆனால் அவை எளிதில் நொறுங்குபவை. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள, சற்று மென்மையான உலோகம். தார்ச்சாலையை எண்ணிப் பாருங்கள். தேய்மானத்தைத் தாங்குவது கல். கல்லைப் பிடித்திருப்பது தார். தார் இல்லாமல் கல்லை மட்டும் கொட்டிச் சாலை போட முடியுமா?

கார்பைடுகள் சிறியனவாகப் பரவியிருந்தால் விரிசலுக்கு நேர்வழி கிடைக்காது. பருத்து, நீண்டு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் விரிசலுக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்தவர்களாவோம். நான் கண்டது அதைத்தான். இரண்டு பூச்சுகள் ரோக்வெல் சோதனையில் ஒரே எண்ணைக் காட்டலாம். ஒன்று உழைக்கும், மற்றொன்று உடையும். பூச்சு எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, அடி எஃகு அதில் எவ்வளவு கலந்தது என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 1882இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய எஃகில் ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசு. தொடக்கத்தில் அது மென்மையானது. அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும். உட்பகுதி முறியாமல் தாங்கும். கல்லுடைக்கும் இயந்திரங்களில் இன்றும் அது உழைக்கிறது. ஆனால் அடியே விழாமல் மணல் மட்டும் உரசும் இடத்தில் அதன் சிறப்பு வெளிப்படாது. வேலையறிந்தே உலோகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனவே, கடின எண்ணை மட்டுமே நற்சான்றாக ஏற்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. “நுண்ணோக்கிக்கு நான் எங்கே போவது?” என்று பட்டறைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். அவரிடம் இல்லாதது நம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? ஓர் ஆலையிலிருந்து உடைந்த திருகுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் பாருங்கள். கண்டதை அறிக்கையில் எழுதுவதோடு நின்றுவிடாமல், அந்த ஆலைக்கே திரும்பிச் சென்று சொல்லுங்கள்.