அப்பத்தாவை உட்காரச் சொல்லாதீர்கள்

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்களுக்கும், சிங்கப்பூரிலிருந்து எழுதுவது.

மாசிக்களரித் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து மனசு ஆறவில்லை. சாமி கும்பிட்டதில் ஒரு குறையும் இல்லை. முன்னின்று செய்த தம்பிகளுக்கு நன்றி. என் ஆதங்கமெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல்தான். புளியமரத்தடியில் வரிசையாகப் போட்டு, அறுபது தாண்டிய அத்தனை பேரையும் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். "நீங்க உட்காருங்க அப்பத்தா, நாங்க பாத்துக்கிறோம்." தண்ணீர் அங்கேயே வந்தது, விபூதி வந்தது, சோறும் தட்டில் வந்தது. காலையில் உட்கார்ந்தவர்கள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கும்போது என் சின்ன அப்பத்தாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் ஊன்றி உந்தினார். நாற்காலி மணலில் பின்னால் சறுக்கியது, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மறுபடி உந்தினார். தொடை நடுங்கியது, பாதி எழும்பித் திரும்பவும் சரிந்தார். பேரன்கள் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "வயசாச்சுல்ல" என்றார் பக்கத்தில் நின்ற மாமா. கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போன மனுஷி அவர். நீங்களும்தான் பார்த்திருக்கிறீர்கள்.

வயசானது உண்மை. முப்பதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. தசை குறைவதைவிட பலம் சீக்கிரம் குறைகிறது. முதுகுத்தண்டிலிருந்து தசையை இயக்கும் நரம்புகள் வயதோடு அற்றுப்போகின்றன. அப்படி அநாதையான தசைநார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு எடுத்துக்கொள்ளும், மற்றவை சுருங்கி மறையும். அதிகம் அடிபடுவது வேகமாக இயங்கும் நார்கள். கல் தடுக்கினால் சட்டென்று மறுகாலை முன்னே வைத்து நம்மைக் காப்பாற்றுவது அவைதான். தசையைப் பழுதுபார்க்கும் செல்களும் குறைகின்றன, சாப்பிட்ட புரதம் தசையாவதும் மந்தமாகிறது. வயதோடு தசை கரையும் இந்த நிலைக்கு 1989இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். 2016இல் அந்த நாட்டில் இதற்கு நோய்க்கான தனிக் குறியீடே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு பங்குதான் வயது செய்வது. இன்னொரு பங்கை நாம் செய்கிறோம். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அறுபத்தேழு வயதுவாக்கில் இருந்த நல்ல ஆரோக்கியமான பெரியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. நம் வீடுகளில் காய்ச்சல் வந்த கிழவியை மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடத்துகிறோமே, அதை என்னவென்று சொல்வது? அன்பு என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

அந்த நாற்காலி வந்தபிறகு ஊரில் எது மிஞ்சியது, சொல்லுங்கள். பந்திப்பாய் போனது. திண்ணையில் ஏறி இறங்குவது போனது. துக்க வீட்டில்கூட இப்போது யாரும் தரையில் உட்காருவதில்லை, பந்தலோடு சேர்ந்து வாடகை நாற்காலியும் வந்து இறங்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை தரையில் உட்கார்ந்து எழுந்திருப்போம்! சாப்பிட, காய் நறுக்க, நெல் புடைக்க, பேச. தொடைக்கு அதைவிடப் பயிற்சி ஏது? பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டு, பல ஆண்டுகள் கவனித்தார்கள். 2012இல் முடிவு வந்தது: கை ஊன்றாமல் எழுந்தவர்களைவிட, தட்டுத்தடுமாறி எழுந்தவர்களிடையே சாவு பல மடங்கு அதிகம். நாம் சும்மா செய்துகொண்டிருந்ததை உலகம் சோதனையாக வைத்து அளக்கிறது. நாமோ அதைக் கைவிட்டு, கௌரவம் என்கிறோம்.

இங்கே என் புளோக்கின் கீழே மூத்தோர் நிலையம் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பார்ப்பேன், எழுபத்தைந்து எண்பது வயது ஆட்கள் எடை இழுத்துக்கொண்டிருப்பார்கள். உணவங்காடியில் தட்டு எடுக்கும் மூதாட்டிகளைப் பார்த்து "பாவம், இந்த வயசுல" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்வீர்கள். சிலர் காசுக்காகத்தான் வருகிறார்கள், அது கஷ்டம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் அவர்களை யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை.

பெருமை பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். போன ஆண்டு சின்ன அப்பத்தா கொல்லையில் விழுந்தபோது தூக்கி ஆட்டோவில் ஏற்றியது நீங்கள். இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தது நீங்கள். நான் போனில் முகத்தைப் பார்த்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போனேன். தூரத்தில் இருந்துகொண்டு புத்தி சொல்வது எனக்கே உறுத்துகிறது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இழந்ததைத் திரும்பப் பெற முடியும் என்பதால்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன். 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் கால் பலத்துக்கான எடைப் பயிற்சி கொடுத்தார். எட்டே வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இளவட்டக்கல்லைத் தூக்குவது இளசுகளுக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். எடை வேண்டியது கிழவர்களுக்குத்தான், தாங்குகிற அளவில். நடக்கிறேனே, போதாதா என்று கேட்பீர்கள். நடை நெஞ்சுக்கு நல்லது, விடவேண்டாம். தசை வளர அது போதாது, சுமை வேண்டும், அந்தச் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவேண்டும்.

சாப்பாட்டையும் பாருங்கள். கறிக்குழம்பில் துண்டையெல்லாம் பேரப்பிள்ளை தட்டில் தள்ளிவிட்டு, சாற்றை மட்டும் ஊற்றிக்கொள்ளும் அப்பத்தா இல்லாத வீடு உண்டா? காலையில் இரண்டு இட்லி, ராத்திரி இரண்டு இட்லி, மத்தியானம் சோறு. ஐம்பது கிலோ எடையுள்ள மூத்தவருக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, நூறு கிராம் மீனில் 20. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள்: முட்டை, சுண்டல், வேர்க்கடலை, மீன், தயிர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரிய பங்கை வாங்கி வைப்பது தசைதான் என்பதையும், வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை இருக்கும் ஊரில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கத் திறன் குறைந்திருக்கிறது, தசைக்குறைவு இருக்கலாம் என்று ஆசிய மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம். அதோடு சுவரில் கைவைத்துத் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, கணுக்காலில் மணல்பை கட்டிக் காலை நீட்டுவது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் கூடினால் போதும். நெஞ்சுவலி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணல்பை தைக்கிற கூலியும், வருகிற ஒவ்வொருவருக்கும் அவித்த முட்டைக்கான காசும் நான் அனுப்புகிறேன். பொறுப்பெடுத்து நடத்த ஆள் வேண்டும். யார் என்று பங்குனி முடிவதற்குள் சித்தப்பாவிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை