பிளாஸ்டிக் கெமிக்கலைத் தேட இவ்வளவு குப்பையா?

"ஏன்டி, உடம்புக்குள்ள பிளாஸ்டிக் கெமிக்கல் எவ்வளவு போயிருக்குன்னு டெஸ்ட் எடுக்க முடியுமா?" ஆறு மாதக் கர்ப்பிணியான அக்கா போன வாரம் போனில் கேட்டாள்.

முடியும். சிறுநீர் போதும். சில பிளாஸ்டிக் டப்பாக்கள், டின்களின் உட்பூச்சு, கடை பில் காகிதம் ஆகியவற்றில் இருக்கும் பிஸ்பினால் ஏ, க்ரீம்களில் சேர்க்கும் பாரபென் எல்லாம் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியவை. அமெரிக்காவில் 2003-04-ல் 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்ததில், சுமார் 93% பேரிடம் பிஸ்பினால் ஏ இருந்தது.

ஆனால், சோதிக்கும் விதத்தைப் படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. சிறுநீரில் இவை லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். உப்பு, யூரியாவுக்கு நடுவிலிருந்து முதலில் தனியே பிரித்தெடுக்க வேண்டும். பழைய முறையில், டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்குவார்கள். அதன் ஆவி லேபில் நிற்பவரின் மூச்சுக்குள் போகும், மிச்சம் நச்சுக்கழிவு. இன்னொரு முறையில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் குழாய்கள். கூத்து என்னவென்றால், லேபின் பிளாஸ்டிக்கிலிருந்தே இந்த கெமிக்கல்கள் கசிந்து ரிசல்ட்டைக் கெடுத்துவிடவும் செய்யும்!

இதற்கு ஒரு வழி 1990 வாக்கில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. யானுஷ் பவ்லிஷின் குழுவினர், முடி போன்ற மெல்லிய இழையில் ஒரு பூச்சைப் பூசி மாதிரிக்குள் வைத்தார்கள். வேண்டிய பொருள் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். இழையை அப்படியே கருவிக்குள் செருகிச் சூடாக்கினால் பிரிந்து வந்துவிடும். கரைப்பானே வேண்டாம். சூட்டில் எளிதில் ஆவியாகாத பொருள்களுக்கு மட்டும் கொஞ்சமாகக் கரைப்பான் தேவைப்படும். அதுவும் சில துளிகள்தான். பிரேசில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பாட்டிலை அடைக்கும் தக்கையைப் பொடியாக்கிப் பூச்சாக்கினார்கள். ஓக் மரத்தை வெட்டாமல், பட்டையை மட்டும் உரித்து எடுப்பது அது.

ஒருவருக்கு ஒரு டெஸ்ட் என்றால் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஊர் ஊராக, வருடா வருடம் ஆயிரக்கணக்கான பேரைச் சோதித்தால்தான் இந்த கெமிக்கல்கள் குறைகின்றனவா, கூடுகின்றனவா என்று தெரியும். அப்போது கழிவும் ஆயிரம் மடங்கு.

அக்காவிடம், "உனக்கு இப்ப டெஸ்ட் வேண்டாம்" என்றேன். பிஸ்பினால் ஏ பெரும்பாலும் ஒரே நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். ஒரு டெஸ்ட், நேற்று சாப்பிட்டதைத்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

"அப்ப அந்த ஹோட்டல் சாம்பார் பார்சல்?"

மறுநாள் காலை மாமா தூக்குவாளியோடு ஹோட்டலுக்குப் போனதாகத் தகவல்.