தொழிற்பயிற்சியில் கை வைக்க வேண்டாம்!

மகாராஷ்டிர அரசின் வரவு செலவுத் திட்டம் வெளியானதும் நம் மக்கள் பத்திரிகையில் தேடுவது எவற்றை? பெட்ரோல் விலை என்ன ஆகும், ரேஷனில் என்ன கிடைக்கும், குடிசைப் பகுதிகளுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பவற்றை. தேடட்டும், தவறில்லை. ஆனால் அதே ஏட்டில் யாரும் புரட்டாத ஒரு பக்கத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஒதுக்கிய தொகை அச்சாகியிருக்கிறது. நம் வீட்டுப் பையனும் பெண்ணும் நாளை நாட்கூலிக்கு நிற்பார்களா, தொழில் தெரிந்தவர்களாக நிற்பார்களா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் பக்கம்தான்.

தாராவியிலும் செம்பூரிலும் கோவண்டியிலும் ஆண்டாப் ஹில்லிலும் குடியிருக்கும் நமக்கு இங்கே நிலமில்லை. கம்பெனி வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவிட ஆளில்லை. பிள்ளைக்கு நாம் தேடித் தரக்கூடிய ஒரே சிபாரிசு ஐ.டி.ஐ. சான்றிதழ். இரண்டாண்டு பிட்டரோ எலக்ட்ரீசியனோ, ஓராண்டு வெல்டரோ படித்துத் தேறினால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் தாணேயில் செல்லும், புனேயில் செல்லும், ஓசூரிலும் ஆவடியிலும் சூரத்திலும் செல்லும். ரயில்வே டெக்னீசியன் வேலைக்கு மனுப் போடவும் அது உதவும். சாதிச் சான்றிதழ் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. இந்தச் சான்றிதழ் நிற்பதில்லை.

சாதிச் சான்றிதழின் கதை நம்மவர்க்குத் தெரிந்ததே. ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அங்கே இடஒதுக்கீடு கோர முடியாது என்று 1990-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரம் பற்றிய வழக்கிலேயே 1994-ல் அதை உறுதி செய்தது. 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே குடும்பம் இங்கு இருந்தது, சாதியும் இம்மாநிலப் பட்டியலில் உள்ளது என்று காட்டினால் வழி உண்டாம். தோல் பதனிடும் பட்டறையில் கூலிக்கு நின்ற பாட்டன் எந்தத் தாளை எடுத்து வைத்தான்? தீயில் போனதும் மழைநீரில் போனதும் போக மிஞ்சியது என்ன?

ஆகவே நம் பிள்ளைகளில் பலர் பொதுப் பிரிவில்தான் போட்டியிடுகிறார்கள். அரசு நிலையத்தில் இடம் சுருங்கினால் முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்கள். நாட்டின் ஐ.டி.ஐ.களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியாருடையவை. அங்கே கேட்கும் கட்டணம் நாட்கூலி வீட்டுக்கு எட்டாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து அங்கே ஐ.டி.ஐ. சேரும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது வராது.

கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு 1950-ல் தொடங்கியது. 1956-ல் நிலையங்களின் நிர்வாகமும், 1969 ஏப்ரலில் நிதிப் பொறுப்பும் மாநிலங்களுக்கு மாறின. பாடத்திட்டம் டில்லியில், சம்பளமும் மின்கட்டணமும் மாநிலத்தில். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்ட இது வசதியாயிற்று.

எந்த அரசும் ‘ஐ.டி.ஐ.யை மூடுகிறோம்’ என்று ஆணை போடாது. ஓய்வு பெற்ற பயிற்றுநரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். அல்லது மணிக்கணக்கில் கூலி பேசி ஒருவரை அமர்த்துவார்கள். வேறு வேலை கிடைத்ததும் அவர் போய்விடுவார். வெல்டிங் ராடுக்கும் தகட்டுக்கும் பணம் போதாமல், ஒருவன் செய்ய ஒன்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்த்து வருவதா வெல்டிங்? அரம் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துக் கை படிந்தவனுக்குத்தான் மட்டம் பார்க்கக் கண் வரும். பிறகு அந்தப் பிரிவில் சேர்க்கை குறையும். குறைந்ததும், ‘மாணவர்களே வருவதில்லை, பணம் எதற்கு?’ என்று கேட்பார்கள்! வாத்தியார் இல்லாத வகுப்புக்கு எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்?

நேரத்திலும் வெட்டு விழுந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,600 மணியாக இருந்த பயிற்சி 2022-ல் 1,200 மணியாயிற்று. தொழிற்சாலையில் பழக 150 மணி சேர்த்திருக்கிறார்கள். நல்ல தொழிற்சாலை அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் அது கூட்டிப் பெருக்குவதில் போகும் என்பதை வேலைத்தளம் அறிந்த தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சில மாதப் பயிற்சிகளே போதும் என்போர், 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் திட்டத்தைப் பற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையைப் படிக்கட்டும். பயிற்சி பெற்றதாகப் பதிவானவர்களில் 90 சதத்துக்கு மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரமே பதிவேட்டில் ஒழுங்காக இல்லையாம்.

இதற்கிடையே 1,000 அரசு ஐ.டி.ஐ.களைச் சீர்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி. பணம் வருவதை வரவேற்கிறோம். ஆனால் ஆறில் ஒரு பங்கு போடுகிறவர் கையில் நிர்வாகத்தின் கடிவாளம் போவது ஏன்? இது புதிதுமன்று. 1,396 அரசு நிலையங்களை மேம்படுத்தவென 2007-08-ல் தொடங்கிய தனியார் பங்கேற்புத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தரப்பட்டது. 20 சத இடங்கள் வரை நிர்வாகக் குழுவே நிரப்பிக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. அந்த இடங்களுக்குக் கூடுதல் கட்டணம் என்பதைச் சேர்க்கைக்கு அலைந்த பெற்றோர் அறிவார்கள். மேலும், நாட்டில் உள்ள அரசு ஐ.டி.ஐ.கள் 3,000-க்கு மேல். பட்டியலில் இடம்பெறாத மற்றவற்றின் கதி என்ன?

நமது கோரிக்கை எளியது. காலியிடங்களில் நிரந்தரப் பயிற்றுநர்களை அமர்த்துக. பயிற்சிப் பொருளுக்கான தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்துக. எந்த நிறுவனம் பங்கேற்றாலும் அரசுக் கட்டண இடங்களில் ஒன்றைக்கூடக் குறைக்காதிருக்க எழுத்தில் உறுதி தருக.

சங்கக் கிளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனுப் போதும். குர்லா, முலுண்டு என உங்கள் பகுதிப் பிள்ளைகள் சேரும் அரசு நிலையம் ஒவ்வொன்றிலும் கேளுங்கள்: பயிற்றுநர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை? மூன்றாண்டுகளில் எந்தப் பிரிவில் சேர்க்கை நிறுத்தப்பட்டது? பயிற்சிப் பொருளுக்கு வந்த பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு? மராத்தியில் எழுதத் தெரிந்த நம் இளைஞர்களை வைத்து எழுதுங்கள். பதிலின் நகலை நமக்கு அனுப்பிவைத்தால், நிலையம் நிலையமாக இப்பக்கத்தில் வெளியிட்டு, சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கொண்டுபோய்க் கொடுப்போம்.