பண்ணைக்குப் போகிறவர்களும் காட்டுக்குப் போகிறவர்களும்

கயத்தாறு பக்கம் கூலி வேலைக்குக் கிளம்பும் யாரும் 'பண்ணைக்குப் போகிறேன்' என்று சொல்வதில்லை. 'காட்டுக்குப் போறேன்' என்பார்கள். இங்கே காடு என்றால் மரமடர்ந்த வனம் அல்ல. உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழையில் காலை விடாமல் ஒட்டிக்கொள்ளும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும்.

நகரத்தில் இப்போது 'பண்ணை' என்றால் வேறு பொருள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய், மாட்டுவண்டியில் ஏறி, கன்றுக்குட்டிக்குப் புல் கொடுத்து, சேற்றில் இறங்கி நான்கு நாற்று நட்டு, படம் எடுத்து, வாழை இலையில் சாப்பிட்டுத் திரும்பும் இடம். பள்ளிகள் இதைக் கல்விச் சுற்றுலாவாக நடத்துகின்றன. மகாராஷ்டிர அரசு 2020இல் வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

குழந்தைகள் மண்ணை மிதிப்பதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. என் கேள்வி அந்தச் சொல்லில் தொடங்குகிறது. தமிழில் பண்ணை என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர் நிற்கிறார்கள்: பண்ணையார், பண்ணையாள். 1952இல் சென்னை மாகாண அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்காகத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும், கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இன்றைய சுற்றுலாப் பண்ணையில் பண்ணையார் 'இயற்கை விவசாயி' ஆகிவிட்டார். பண்ணையாள் மட்டும் படத்தில் இல்லை. வரப்பு உண்டு, கிணறு உண்டு, மாடு உண்டு. கூலி இல்லை, கூலிக்காரர் இல்லை, நிலம் யாருடையது என்ற கேள்வி இல்லை.

கரிசல் நிலத்தில் பெண்களின் கூலி உழைப்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். களையெடுப்புக்கு வந்திருந்த ஒரு மூத்த பெண்ணிடம், பட்டணத்தில் காசு கட்டி நாற்று நடுகிறார்கள் என்று சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. "ஏந் தாயி, காசு குடுத்து வேலை செய்ய ஆளு இருக்குன்னா, நமக்கு எதுக்குக் கூலி குடுக்கப் போறாங்க?" என்றார். 2024-25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒருநாள் கூலி 319 ரூபாய். கையில் முழுதாக வந்து சேர்வது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அந்த வாழ்க்கையிலிருந்து பார்த்தால் அவர் கேட்டதில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஒரே சேறுதான். காசு கொடுத்து இறங்கினால் அனுபவம். கூலி வாங்கி இறங்கினால் இழிவு. உழைப்பை இழிவென்றும், அந்த இழிவைப் பிறப்போடும் கட்டிப்போட்டது சாதி. ஒருமணி நேரம் சேற்றில் நின்று கால் கழுவிக்கொள்பவருக்கு அது ஒட்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அதில் நிற்பவருக்குக் கழுவினாலும் போகாது என்கிறது ஊர். மாரி செல்வராஜின் 'வாழை' (2024) படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் வரும் சிறுவர்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் வாழைத்தார் சுமக்கும் நாள். அவர்களுக்கும் அது தோட்டத்துக்குப் போகும் நாள்தான்!

உயிரியல் பூங்காவுக்கு வருவோம். சென்னையில் 1855இல் எட்வர்டு பல்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைதான் பல இடம் மாறி 1985இல் வண்டலூர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் காட்சிசாலைகள் விலங்குகளோடு மனிதர்களையும் காட்டின. ஹாம்பர்க் நகர விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக், இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கொண்டுபோய் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார். 1906இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில், காங்கோவைச் சேர்ந்த ஓட்டா பெங்கா குரங்குகளின் கூடத்தில் நிறுத்தப்பட்டார். கறுப்பினப் பாதிரியார்கள் கண்டித்த பிறகே அது நின்றது. பத்தாண்டுகளில் அவர் தற்கொலை செய்துகொண்டார். பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்று பிரித்துவைக்கும் அதிகாரம் விலங்குகளோடு மட்டும் நின்றதில்லை.

நம் நாட்டில் இது வேறு வடிவம் எடுக்கிறது. 2024 பிப்ரவரியில், சிலிகுரி சஃபாரி பூங்காவில் 'அக்பர்' என்ற ஆண் சிங்கத்தோடு 'சீதா' என்ற பெண் சிங்கத்தை வைத்திருக்கக் கூடாது என்று விஸ்வ ஹிந்து பரிஷத் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனது. சிங்கத்துக்கே கலப்பு மணம் கூடாதாம்! இதைச் சிரித்துக் கடந்துவிடலாம்தான். ஆனால் இதே மனநிலைதான் நம் ஊரில் அரிவாளோடு வருகிறது.

பண்ணைச் சுற்றுலாவின் செல்லப்பிள்ளையான பசுவையே எடுத்துக்கொள்வோம். அதன் கழுத்தைத் தடவும் குழந்தைக்கு, அது செத்தபின் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களை மேல்சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டிவைத்து அடித்தார்கள். அதை எதிர்த்து அகமதாபாத்திலிருந்து உனாவுக்கு நடந்தவர்கள் மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்றார்கள். நிலமற்ற குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் அதைச் சொல்லமாட்டார்.

'உழைக்கும் மக்களுக்கு இருக்கும் ஒன்றிரண்டு பொழுதுபோக்குகளையும் குறை சொல்ல வேண்டுமா?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயம்தான். காணும் பொங்கலன்று வண்டலூரை நிரப்புவது உழைக்கும் சனம். அங்கே நுழைவுச்சீட்டு வாங்கும்போது யாரும் சாதி கேட்பதில்லை. ஊர்க் குளத்திலும் கோயிலிலும் வழிமறிக்கப்பட்டவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. எனவே பூங்காவை இழுத்து மூடச் சொல்லவில்லை. எல்லோரும் நுழையக்கூடிய பொது இடமாக அது நீடிக்கட்டும். கட்டணம் எட்டும்படி இருக்கட்டும். விலங்குகளுக்கு ஓடியாட இடம் இருக்கட்டும்.

ஆனால் எதைக் காட்டுகிறோம் என்பதை மாற்றலாம். கயத்தாறிலிருந்து நெல்லை போகும் வழியில் கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, 2013இல் அறிவிக்கப்பட்டது. கூண்டில்லாமல் மான் பார்க்கலாம். அதே நாளில், மானும் காட்டுப்பன்றியும் மேய்ந்த காட்டின் சொந்தக்காரரிடமும், அங்கே இராக்காவல் இருப்பவரிடமும் பிள்ளைகள் பேசட்டும். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரி விவசாயத்தின் அறிவியலை அங்கே கற்கலாம். கயத்தாறு வரும் பள்ளி வண்டிகள் கட்டபொம்மன் நினைவிடத்தில் நின்றுவிட்டுத் திரும்புகின்றன. 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்து தலித் மக்களின் வீடுகளைச் சூறையாடிய கொடியன்குளமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெயரையாவது பிள்ளைகள் கேள்விப்படட்டும்.

பண்ணைக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால், களையெடுக்கும் பெண்ணை அன்றைக்கு ஆசிரியராக உட்கார வையுங்கள். அதற்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் கொடுங்கள். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா, தண்ணீர் எந்தக் குவளையில் தருகிறார்கள் என்று பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும். கன்றுக்குட்டிக்குப் புல் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.