இசையை மாற்றினால் சொல்லிவிட்டு மாற்றுங்கள்

2025 ஏப்ரலில் 'குட் பேட் அக்லி' வெளியானபோது வளைகுடாத் திரையரங்குகளில் நம்மவர்கள் கேட்ட பாடல்கள் வேறு. சில மாதங்கள் கழித்து வீட்டுத் தொலைக்காட்சியில் கேட்டவை வேறு. தன் பழைய பாடல்களை அனுமதி பெறாமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இசை நிறுவனங்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். செப்டம்பரில் இடைக்காலத் தடை வந்தது. நெட்ஃபிளிக்ஸிலிருந்து விலகிய படம், அந்தப் பாடல்கள் இல்லாமல், வேறு இசையோடு திரும்பி வந்தது.

வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். பாடலை உருவாக்கியவர் தன் உரிமையைக் கேட்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் பேச விரும்புவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. திரையரங்கில் ஒரு படைப்பு, வீட்டில் இன்னொரு படைப்பு என்று ஆகிவிட்ட பிறகும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். புதுப் படம் என்பதால் இந்த மாற்றம் செய்தியானது. பழைய தொலைக்காட்சித் தொடர்களுக்கு இது நேரும்போது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதே இல்லை.

உலகெங்கும் பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை இது. அமெரிக்காவில் 1978 முதல் 1982 வரை ஓடிய 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' என்ற நகைச்சுவைத் தொடரின் களமே ஒரு வானொலி நிலையம். அந்தக் காலத்து ராக் பாடல்கள்தான் அதன் உயிர். ஒளிபரப்புக்காக வாங்கிய பாடல் உரிமைகள் காலாவதியானதும், மறுஒளிபரப்புப் பிரதிகளில் பாடல்களை எடுத்துவிட்டு ஏதோ ஒரு இசையை நிரப்பினார்கள். பாட்டின் மேல் நடிகர்கள் பேசிய வசனத்தைத் தனியே பிரிக்க முடியாத இடங்களில், அவர்களைப் போலக் குரல் கொடுக்கும் வேறு ஆட்களை வைத்து டப்பிங் செய்தார்கள். பாட்டு போனதோடு நடிகரின் குரலும் போயிற்று. 2007-இல் வந்த முதல் டிவிடி தொகுப்பும் பல பாடல்களை இழந்துதான் வந்தது. பெரும்பாலான பாடல்களோடு முழுத் தொடரும் கடைக்கு வர 2014 ஆனது.

இசை மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காட்சியைச் சொல்கிறோம். 'குவாண்டம் லீப்' என்ற காலப்பயணத் தொடரின் இரண்டாம் பருவ இறுதி அத்தியாயம் 1990 மே மாதம் ஒளிபரப்பானது. வியட்நாம் போரில் காணாமல் போன அல் என்ற கடற்படை வீரனை இறந்துவிட்டதாக எண்ணி, அவன் மனைவி இன்னொருவரை மணக்கத் தயாராகிறாள். எதிர்காலத்திலிருந்து வெறும் ஒளியுருவாக வந்து நிற்கும் அல்லை அவளால் பார்க்க முடியாது. அவனால் அவளைத் தொட முடியாது. இருவருக்கும் பிடித்த ரே சார்ல்ஸ் பாடல் ஒலிக்க, அவள் தனியே ஆடுகிறாள். தொடாமலே அவளோடு சேர்ந்து ஆடி விடைபெறுகிறான் அவன். டிவிடி வந்தபோது அந்தப் பாடல் இல்லை; பெயர் தெரியாத ஒரு கருவியிசை இருந்தது. அந்த இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது? ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம். எண்பதுகளில் தொடர் எடுத்தவர்கள் ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை வாங்கினார்கள். ஒளிபரப்பான தொடரை ஒருவர் வீட்டு அலமாரியில் வாங்கி வைப்பார், கைப்பேசியில் பார்ப்பார் என்று அன்று யார் நினைத்தார்கள்? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமும், ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் தானாகச் செல்லுபடியாகாது, அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது. இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் காக்க வந்த நல்ல திருத்தம் அது. ஆனால் பழைய தொடரைத் தூசி தட்டி வெளியிட நினைப்பவர் மறுபடியும் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பணமும் பொறுமையும் இல்லாதவர் பாடலை வெட்டிவிடுகிறார்.

இணையம் இதை இன்னும் சுலபமாக்கிவிட்டது. ஏற்றிய காணொளியில் பிறர் பாடல் இருப்பதாக யூடியூப் கண்டுபிடித்தால், ஏற்றியவர் முன் மூன்று வழிகளை வைக்கிறது: அந்தப் பகுதியை வெட்டலாம், பாடலை அடக்கலாம், வேறு பாடலை வைக்கலாம். பழைய தமிழ்த் தொடர்களில் திடீரென்று ஒலி அடங்கி, பாத்திரங்கள் மட்டும் வாயசைத்துக்கொண்டிருக்கும் இடங்கள் இப்படி உண்டானவை. வசனமும் இசையும் ஒரே தடத்தில் பதிவாகியிருந்தால், பாட்டை அடக்கும்போது வசனத்துக்கும் ஆபத்து.

வளைகுடாவில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஊரிலிருந்து வந்தவர் பெட்டியில் ஊறுகாயோடு வந்த வீடியோ கேசட்டில்தான் நம் மக்கள் பலர் தூர்தர்ஷன் தொடர்களைப் பார்த்தார்கள். பிறகு டிஷ் வந்தது. சென்னையில் இரவு ஒன்பது என்றால் துபாயில் ஏழரை. வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்த காலம் அது. 1999-இல் தொடங்கிய 'சித்தி'க்கும் 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'க்கும் தினா இசையமைத்த முகப்புப் பாடல் கேட்டால், தொடர் தொடங்கிவிட்டது என்று அடுக்களையிலிருந்து ஓடிவருவார்கள். கே.பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' என்றதும் வி.எஸ்.நரசிம்மன் இசையில் சித்ரா பாடியதுதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும், கதை பிறகுதான். அந்த ஒலிகளில் நம் பிழைப்பின் முதல் ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றை மாற்ற நினைப்பவர், தான் எதில் கை வைக்கிறார் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதுவும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 2000 முதல் ஸ்பேஸ்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால், ஜப்பானியக் கார்ட்டூன்களுக்கு அரபியில் வந்த முகப்புப் பாடல்களை வரி விடாமல் பாடுவார்கள். அவை மூலப் பாடல்கள் அல்ல. டமாஸ்கஸின் வீனஸ் மையத்தில் தாரிக் அல்-அரபி துர்கான் புதிதாக இசையமைக்க, ராஷா ரிஸ்க் போன்றோர் பாடியவை. அதற்கும் முன்பே 'கிரெண்டைசர்' தொடருக்கு லெபனானின் சாமி கிளார்க் பாடிய பாடல் அரபு உலகையே ஆண்டது. 2022-இல் அவர் மறைந்தபோதும் அந்தப் பாடலோடு சேர்த்தே அவரை நினைத்தார்கள். மாற்றிய இசையும் மக்களின் சொத்தாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கே நடந்தது என்ன? ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுவரும்போது, தேர்ந்த இசைக் கலைஞர்கள் அந்தக் கதைக்கென்றே, அந்தப் பிள்ளைகளுக்கென்றே உழைத்துச் செய்தார்கள். ஜப்பானில் மூலம் மூலமாகவே இருந்தது. நாம் எதிர்ப்பது அதை அல்ல. கட்டணத்தை மிச்சம் பிடிக்க எந்தக் காட்சிக்கும் பொருந்தாத மலிவு இசையை ஒட்டி, அதையே மூலம் என்று விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கும் சான்றுகள் உண்டு. 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' தொடரின் படைப்பாளிகள், பாடல்கள் அனைத்துக்கும் உரிமை பெறும்வரை காத்திருந்து 2004-இல்தான் டிவிடி வெளியிட்டார்கள். 'டாசன்ஸ் க்ரீக்' தொடரின் பல டிவிடிகளிலும் இணையத்திலும் பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த பாலா கோலின் முகப்புப் பாடல், அவரே மறுபடி பாடிய வடிவில் 2021-இல் திரும்பி வந்தது. படைப்பாளியோடு உட்கார்ந்து பேசினால் தீராத பிரச்சினை இல்லை.

எனவே நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, அறிவிப்பு. இசை மாற்றப்பட்டிருந்தால் டிவிடி உறையிலும், தளத்தின் முதல் திரையிலும் தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும். உணவுப் பொட்டலத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதச் சொல்லும் நாடுகளில், காசு கொடுத்து வாங்கும் படைப்புக்கும் அதைச் சொல்லக் கேட்பது அதிகமில்லை.

இரண்டாவது, பாதுகாப்பு. வெளியிடுவது எந்த வடிவமானாலும், முதலில் ஒளிபரப்பான மூலப் பிரதியை ஒலியோடு சேமித்து வைக்க வேண்டும். வசனம், இசை, பின்னணி ஒலி மூன்றும் தனித்தனித் தடங்களாக இருந்தால் அவையும் சேமிக்கப்பட வேண்டும். இதில் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. 2024 ஜனவரியில் பொதிகை, டிடி தமிழ் ஆனது. அதே ஆண்டு நவம்பரில் அதன் 'வேவ்ஸ்' இணையத் தளமும் வந்தது. சென்னைத் தொலைக்காட்சியின் பழைய தொடர்களில் எஞ்சியவற்றை இசை கெடாமல் அங்கே ஏற்றினால், வளைகுடாத் தமிழர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள்.

மூன்றாவது, நியாயமான கட்டணம். இசை உரிமைக் கட்டணத்தைக் கூட்டாக நிர்வகிக்க 2021-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டம் ஐக்கிய அரபு அமீரகத்தில் இடம் தருகிறது. அதற்கான அமைப்புகளுக்குப் பொருளாதார, சுற்றுலா அமைச்சகம் உரிமம் வழங்கவும் தொடங்கியிருக்கிறது. இவை உணவகம், வானொலியோடு நின்றுவிடக் கூடாது. பழைய நிகழ்ச்சிகளின் மறுவெளியீட்டுக்கென்று, உரிமையாளர்களின் ஒப்புதலோடு, முன்கூட்டியே அறிவித்த கட்டணப் பட்டியல் ஒன்று வேண்டும். இந்திய உரிமை அமைப்புகளும் இதில் கைகோக்க வேண்டும். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பணம் போய்ச் சேரும். பாடலும் காட்சியில் தங்கும்.

நான்காவது, இனி எடுக்கப்படும் தொடர்களுக்கு ஒப்பந்தம் போடும்போதே ஒளிபரப்பு, இணையம், வட்டு என எல்லா வடிவங்களையும், எந்தெந்த நாடுகளுக்கு என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற ஜப்பானியத் தொடர் 2019-இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது, ஜப்பானில் ஒலித்த நிறைவுப் பாடல் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு இல்லாமல் போனது. சென்னையில் கேட்கும் பாட்டு அபுதாபியில் கேட்காது என்ற நிலை தமிழ்த் தொடர்களுக்கு வரக் கூடாது.

தயாரிப்பாளர்களுக்கும் தளங்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: இசையமைப்பாளருக்கு உரிய பணத்தைக் கொடுத்து மூல இசையோடு வெளியிடுங்கள். அது முடியாதபோது, மாற்றியதை மறைக்காமல் சொல்லுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். அன்று ஒளிபரப்பான ஒலி எப்படி இருந்தது என்பதற்கு நாளை அவை மட்டுமே சாட்சியாக இருக்கக்கூடும்.