கணக்கேட்டில் மாண்ட மொழித்துறை

கல்விக்கூடம் நடத்தப் பணம் வேண்டும், மறுப்பார் இலர். ஆனால், பணத்திற்காகவே கல்விக்கூடம் என்னும் நிலை வந்துற்றபொழுது, அங்கு முதலில் கழுத்தறுபடுவது எது? மொழி! அமெரிக்க நாட்டின் மேற்கு வர்சீனியப் பல்கலைக்கழகத்தில் 2023-ஆம் ஆண்டு நடந்தேறியதை மொழிப்பற்றுடையார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைநாடு, மேற்கு வர்சீனியா. உழைக்கும் மக்களின் பிள்ளைகளும் உயர்கல்வி பெறவேண்டும் என்று 1862-இல் அமெரிக்க நடுவணரசு சட்டம் இயற்றி மாநிலங்களுக்கு நிலம் வழங்கிற்று. அக்கொடையால் 1867-இல் எழுந்ததே அப்பல்கலைக்கழகம். உழவும் பொறிவினையும் கற்பிக்கவே அச்சட்டம் பிறந்தது. எனினும், பழம்பெரும் நூற்கல்வியை விலக்கலாகாது என்றும் அதிலேயே எழுதிவைத்தனர். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு எந்திரம் மட்டும் போதும் என்று அவர்கள் கருதினாரல்லர்.

பின்வந்தோரோ மாணவர் தொகை 40,000 ஆகப் பெருகும் என்று கனாக் கண்டனர்; கடன் பெற்றுக் கட்டடம் எழுப்பினர். மாணவர் பெருகவில்லை. 2015-க்குப் பின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர் குறைந்தனர். மாநில அரசின் உதவியும் சுருங்கிற்று. விளைவு, 4½ கோடித் தாலர் பற்றாக்குறை! கணக்குத் தப்பியவர்கள் இருக்கையில் இருந்தனர். தண்டம் கட்டியவர்கள் ஆசிரியர்கள்.

கூலிக்கு அறிவுரை கூறும் நிறுவனம் ஒன்று அமர்த்தப்பெற்றது. துறைதோறும் தலைகளை எண்ணினர். மொழித்துறையில் பட்டத்திற்கெனச் சேர்வோர் சிலரே. ஆனால், பிற துறை மாணவர் பலர் அங்கு வந்து மொழி கற்றுச் செல்வர். இப்பின்னவர் கணக்கேட்டில் ஒளிவிடுவதில்லை. செலவினும் மிகுதியாகத் தம் துறை வருவாய் ஈட்டியதை ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியும் பயனில்லை. பிரெஞ்சும், செருமானியமும், உருசியமும், இசுப்பானியமும், சீனமும், மொழியியலும் ஒருங்கே கற்பித்த அத்துறையை அடியோடு மூடுவதே முதற்கண் வகுத்த திட்டம். அத்தோடு, மாணவர் வேற்றுமொழி ஒன்றைக் கற்றாகவேண்டும் என்னும் கட்டாயத்தையும் நீக்கத் துணிந்தனர். வாய்க்காலை அடைத்துவிட்டு வயலில் விளைச்சல் இல்லை என்று உழவனைப் பழிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆசிரியரை அகற்றியபின் மொழியை எவ்வாறு கற்பது? அதற்கும் விடை வைத்திருந்தனர். மின்வலை வழியே மொழிச்செயலி ஒன்றோடு கூட்டுச் சேரலாமாம்! வழிப்போக்கன் ஊண் கேட்கவும் ஊர்தி கேட்கவும் செயலி உதவும். ஒரு மக்களினத்தின் பாட்டையும் பழமொழியையும், அவர்தம் சினத்தையும் நாணத்தையும், சொல்லாது விட்டதன் பொருளையும் அதனிடமா கற்பது? பிழையைத் திருத்த அது அறியும். பிழைக்குப் பின் நிற்கும் தயக்கத்தை எதிரிருக்கும் ஆசிரியர் ஒருவரே அறிவர்.

மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி முழங்கினர். தலைவர்மீது நம்பிக்கையில்லை என்று ஆசிரியர் பேரவை ஒப்போலையிட்டுக் கூறிற்று. ஆம் என்றோர் 797 பேர், அன்று என்றோர் 100 பேர். ஆளுநர் குழு அசையவில்லை. செபுத்தம்பர் 15-ஆம் நாள் 28 பட்டப் படிப்புகளையும் 143 ஆசிரியப் பணியிடங்களையும் ஒழிக்க முடிவு செய்தது. கணக்கியலைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டவர்கள், கணக்குத்துறையின் முனைவர் பட்டப் படிப்பையும் அப்பட்டியலில் சேர்த்திருந்தனர்!

எதிர்ப்பின் விளைவாய் மொழித்துறையில் ஆசிரியர் ஐவர்க்கு மட்டும் இடம் எஞ்சிற்று. இசுப்பானியமும் சீனமும் அங்கு இருக்கும். பட்டப் படிப்பாக அன்று, விரும்பினால் எடுத்துக்கொள்ளும் பாடமாக.