சல்யூட் போதும், அறிக்கை எங்கே?

2025 நவம்பர் 13. துபாயிலிருந்து சித்தி போன். "மக்களே, குளத்தூர்ல ரோட்டுல பிளேன் இறங்கிச்சாமே! நம்ம ஊர்லயா?"

நம்ம பாறசாலை பக்கத்துக் குளத்தூர் இல்லை சித்தி. இது புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் தாலுகா. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் கோளாறாகி, நார்த்தாமலை பக்கம் திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. சந்தோஷம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எரிச்சல். குடும்ப வாட்ஸ்அப்பில் பாதிப் பேர் "பைலட்டுக்கு சல்யூட்". மீதிப் பேர் "இந்தியாவுல எல்லாம் இப்படித்தான்". ஏன் கோளாறு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த மாதிரி குட்டி விமானங்களில் பெரும்பாலும் கருப்புப் பெட்டி கிடையாது. சாலையிலோ பதிவில்லாத ஓடுபாதையிலோ இறங்கினால் டவர் பதிவும் இல்லை, கேமராவும் இல்லை. தரையில் விழுந்த கீறல்தான் சாட்சி. புரொப்பல்லர் வளைந்த விதத்தைப் பார்த்தால், மோதும்போது இன்ஜின் ஓடியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததா, சுவிட்சுகள் எந்த நிலையில் இருந்தன, எல்லாம் அங்கேயேதான் கிடக்கும். நாமோ பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம்!

விமான விபத்து விசாரணைக்கு 1951-லேயே சர்வதேச விதி வந்துவிட்டது. ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி போடுவதல்ல. ஆனால் அதிலும் ஒரு கோடு உண்டு. டர்போஜெட் அல்லாத விமானம் 2250 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் சர்வதேச அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். செஸ்னா 172 முழு பாரத்தோடு 1200 கிலோகூட வராது.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழுது? நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் பதிவில்லாத புல்வெளி ஓடுபாதைகள் ஏராளம். பொழுதுபோக்கு விமான விபத்துகளைப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் பெரும்பாலும் விசாரிப்பதே இல்லை. போலீசும் மரண விசாரணை அதிகாரியும்தான் பார்க்க வேண்டும்.

அக்கா ரப்பர் தோட்டத்தை விற்று மகனை பைலட் ஆக்கப் போகிறாள். அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் விமானம் கடைசியாக எப்போது விபத்தில் சிக்கியது, அந்த விசாரணை அறிக்கை எங்கே என்று கேள். எடுத்துக் காட்டாத பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதே.

தப்பிப் பிழைத்தவருக்கு சல்யூட் அடிப்பது சுலபம். அடுத்த தடவை அந்த விமானத்தில் ஏறப் போவது நம்ம வீட்டுப் பிள்ளை.